இசைத்தட்டுக் கடையும் பாரதி பாட்டும்



தோட்டத்து வீட்டில் விடியற்காலையில் முதலில் கண் விழிப்பது அடுப்பு. அதற்கு அடுத்தது வானொலிப் பெட்டி. பெரட்டுக்குப் போகிறவர் பசியாறி முடிப்பதற்குள் இரண்டு பக்திப் பாட்டும் ஒரு பழைய திரைப்பாட்டும் ஓடி முடிந்திருக்கும். குளுவாங், ரெங்கம், லாபிஸ், கூலாய் வட்டாரங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்களுக்கு லயம் போய்த் தாமான் வீடு வந்தது. காலைப் பாட்டு மட்டும் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பாட்டு நம் காதுக்கு வந்து சேருமுன் எத்தனை கை மாறுகிறது என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? எழுதியவர் ஒருவர், இசை அமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர். இந்த மூவர் பெயரையும் அறிவிப்பாளர் சொல்லிவிடுகிறார். பெயர் சொல்லப்படாத நான்காமவர் ஒருவர் இருக்கிறார். எந்தப் பாட்டை எடுப்பது, யாரைப் பாட வைப்பது, அதற்கு எவ்வளவு பணம் போடுவது, கேட்டது சரியில்லை என்றால் திரும்பப் பாடச் சொல்வதா, விட்டுவிடுவதா என்றெல்லாம் தீர்மானிக்கிறவர் அவர்தான். அவரை இசைத்தட்டுத் தயாரிப்பாளர் என்கிறோம்.

மேல்நாடுகளில் இப்படிப்பட்டவர்களின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுத்து வைக்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினைப் பற்றி 2011இல் பி.பி.சி. நிறுவனம் ஒரு படம் எடுத்தது. நம் தமிழில் அப்படி ஒரு படம் எடுப்பதென்றால் யாரை வைத்து எடுக்கலாம்? நமக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார்.

‘அவர் சினிமாக்காரர் அல்லவா?’ என்று வீட்டில் யாராவது கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஏ.வி.எம். என்றால் திரையில் சுழலும் உலக உருண்டைதான் எவருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அவருடைய தொழில் கோடம்பாக்கத்தில் தொடங்கவில்லை. காரைக்குடியில், பாட்டு விற்கும் ஒரு சிறிய கடையில் தொடங்கியது. அந்தக் கடையின் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம். அதில் நமக்கும், அதாவது தோட்டத்து மக்களுக்கும், ஒரு பங்கு இருக்கிறது. அது எப்படி என்பது பிறகு வரும்.

முதலில் இசைத்தட்டு என்னும் பொருளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

பழைய கிராமபோன் தட்டைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். கனமாக இருக்கும், கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும். அது பிளாஸ்டிக் அன்று, அரக்கு. நம் தாய்மார்களின் பழைய நகைகளுக்குள் தட்டான் அடைத்துக் கொடுப்பாரே, அதே அரக்குதான். மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி அக்காலத்தில் இந்தியாவிலிருந்துதான் போயிற்று. அந்த அரக்கோடு கல்தூளும் கரியும் சேர்த்துச் சூடாக்கி அச்சில் அழுத்தினால் தட்டு. அது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். இந்த மூன்று நிமிடக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டாம். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் கைப்பிடியைச் சுற்றி முடுக்கினால் போதும். மின்விளக்கு எட்டிப் பாராத தோட்டத்திலும் அது பாடும். வானொலி வருவதற்கு வெகுகாலம் முன்பே பாட்டுப் பெட்டி தோட்டங்களுக்குள் நுழைந்ததற்கு இதுவே காரணம். ஒரு தோட்டத்தில் ஒரு பெட்டி இருந்தால் அது பெரும்பாலும் கிராணி வீட்டிலோ கடைக்காரர் வீட்டிலோ இருக்கும். கேட்பவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதால் ஊசி டப்பா தீர்ந்துவிட்டால் பாட்டும் நின்றுவிடும்.

இந்தியாவில் பெரிய அளவில் ஒலிப்பதிவு தொடங்கியது 1902இல். பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் அமெரிக்கர் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவுக்கு வந்து, நவம்பர் மாதத்தில் ஓட்டல் அறை ஒன்றில் கருவிகளை அமைத்தார். அங்கே வந்து பாடியவர்களில் ஒருவர் கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகி. ஒலிவாங்கி கிடையாது, பெரிய கூம்புக் குழாய் ஒன்றின் வாயருகே முகத்தை வைத்துக்கொண்டு உரக்கப் பாட வேண்டும். பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னார். அதற்குக் காரணம் உண்டு. மெழுகில் பதிந்த பாட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போய்த்தான் தட்டாக வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டும் அல்லவா?

மறு ஆண்டு, 1903இல், அதே கெய்ஸ்பர்க் நமக்கு எதிர்க்கரையில் உள்ள சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் பாட்டுகளையும் பதிந்துகொண்டு போனார். அப்போது ஜொகூர்ப் பாலம் கிடையாது. அது 1924இல்தான் திறக்கப்பட்டது. மனிதர் நடந்து கடக்கப் பாலம் வருவதற்கு முன்பே பாட்டு கடலைக் கடந்துவிட்டது.

இனிக் காரைக்குடிக்குப் போவோம்.

மெய்யப்பன் பிறந்தது 1907ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், நகரத்தார் குடும்பத்தில். நகரத்தார் நமக்குப் புதியவர்கள் அல்லர். பினாங்கிலும் மூவாரிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்தவர்கள் அவர்கள்தாம். இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கு அவர்களுடைய கடன் பணம் பாய்ந்திருக்கிறது. திரும்பாத கடனுக்காகத் தோட்டங்கள் அவர்கள் கைக்கு வந்ததும் உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய செல்வம் செட்டிநாட்டில் பெரிய பெரிய வீடுகளாக எழுந்தது. மெய்யப்பனின் தந்தை அவிச்சி செட்டியார் தம் ஊரிலேயே ‘ஏ.வி. அண்டு சன்ஸ்’ என்ற கடையை நடத்தினார். அந்தக் கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்பனைக்கு இருந்தன. மகன் இளவயதிலேயே கடைக்கு வந்துவிட்டார்.

கடையில் நிற்கும் பையனுக்கு ஒரு கல்வி கிடைக்கிறது. வாடிக்கையாளர் எதைக் கேட்டு வருகிறார், எந்தத் தட்டைப் பாதியில் நிறுத்தச் சொல்கிறார், எந்தத் தட்டை இரண்டாம் முறை வைக்கச் சொல்கிறார் என்பதை அவன் நாள் முழுவதும் பார்க்கிறான். இதைப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்காது. மெய்யப்பன் பிற்காலத்தில் எடுத்த முடிவுகளைப் பார்க்கும்போது, அவருடைய காது அந்தக் கடையில்தான் பழகியிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

பிறர் செய்த தட்டை வாங்கி விற்பதைவிட நாமே பாட்டைப் பதிந்து வெளியிட்டால் என்ன என்று எண்ணினார். சென்னைக்கு வந்து, கே.எஸ். நாராயண அய்யங்கார், சுப்பையா செட்டியார் முதலிய நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, 1930களின் தொடக்கத்தில் மவுண்ட் ரோட்டில் ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் கம்பெனியோடு உடன்பாடு ஏற்பட்டது. தட்டின் இரண்டு பக்கமும் பாட்டுப் பதியும் வழக்கத்தை 1904 அளவில் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனி அது; அதற்கு முன் தட்டின் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கும்.

அது தமிழ் இசைத்தட்டுக்கு நல்ல காலம். 1925க்குப் பிறகு கூம்புக் குழாய் போய் மின்சார ஒலிவாங்கி வந்துவிட்டது. கத்த வேண்டியதில்லை, மெல்லிய குரலும் பதிந்தது. சங்கீத வித்துவான்களும் நாடக நடிகர்களும் தட்டுக்குப் பாடத் தொடங்கினார்கள். ஆனால் மேடையில் ஒரு பாட்டை அரைமணி நேரம் விரித்துப் பாடிப் பழகியவர்கள் அவர்கள். மூன்று நிமிடத்தில் தொடங்கி, சுழன்று, முடித்துவிட வேண்டும் என்றால்? தவறினால் அந்த மெழுகுத் தட்டே வீண்; வெட்டி ஒட்டும் வசதி அன்று இல்லை. எதை விடுவது, எதை வைப்பது என்று பாடகரோடு உட்கார்ந்து பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. தயாரிப்பாளர் என்ற வேலை அப்படித்தான் வந்தது. இன்றைக்கும் திரைப்பாட்டு மூன்று நான்கு நிமிடத்தில் முடிவதற்கு அந்த அரக்குத் தட்டு போட்ட கணக்கே மூலகாரணம் எனலாம். முழு நாடகத்தையும் நாலைந்து தட்டுகளில் பிரித்துப் பதிந்து, கட்டாக விற்ற காலமும் அதுவே.

அக்காலக் குரல் ஒன்றைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. எஸ்.ஜி. கிட்டப்பா பெரும்புகழ் பெற்ற நாடக நடிகர், கே.பி. சுந்தராம்பாளின் கணவர். முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்துவிட்டது. ஆயினும் எந்தப் பேசும் படத்திலும் நடிக்காமலேயே கிட்டப்பா 1933 டிசம்பரில், முப்பது வயது ஆவதற்குள் இறந்துபோனார். அவர் மேடையில் நடந்ததை நாம் பார்க்க முடியாது. பாடியதைக் கேட்க முடியும், தட்டு இருப்பதனால். தாத்தாவின் குரலைப் பதிந்து வைக்காமல் விட்டுவிட்டோமே என்று வருந்துகிற வீடுகளுக்கு இதன் அருமை தெரியும்.

பேசும் படம் வந்ததும் மெய்யப்பனும் அதில் இறங்கினார். சென்னையில் போதிய வசதி இல்லாத காலம். கல்கத்தாவுக்குப் போய் ‘அல்லி அர்ஜுனா’ எடுத்தார், பிறகு ‘ரத்னாவளி’. இரண்டும் 1935இல் வந்தன, இரண்டும் நட்டம். பாட்டு விற்கத் தெரிந்தவருக்குப் படம் விற்கத் தெரியவில்லை என்று ஊர் பேசியிருக்கும். நாம் அந்தத் தோல்விகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1938இல் எடுத்த ‘நந்தகுமார்’ படத்தில்தான் இசைத்தட்டுக்காரரின் காது வேலை செய்தது.

அந்நாளில் நடிக்கிறவரே பாட வேண்டும். கேமரா முன்னால் நின்று, நடித்துக்கொண்டே பாட வேண்டும். முகம் நன்றாக இருந்து குரல் வரவில்லையென்றால் வேடம் கிடையாது. ‘நந்தகுமார்’ படத்தில் தேவகியாக நடித்தவரின் பாட்டு மெய்யப்பனுக்குப் பிடிக்கவில்லை. நடிகையை மாற்றவில்லை; குரலை மட்டும் மாற்றினார். லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாட வைத்து அந்தக் குரலைப் படத்தில் சேர்த்தார். தமிழில் பின்னணிப் பாட்டு இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று திரை வரலாறு எழுதுகிறவர்கள் குறிப்பிடுகிறார்கள். இந்தியில் இதற்கு மூன்று ஆண்டு முன்னர், 1935இல், கல்கத்தாவில் எடுத்த ‘தூப் சாவ்ம்’ படத்தில் இந்த முறை வந்துவிட்டது.

சிறுவன் கிருஷ்ணனாக அந்தப் படத்தில் அறிமுகமான டி.ஆர். மகாலிங்கம் நடிக்கவும் பாடவும் வல்லவர். அவரை வைத்தே 1945இல் ‘ஸ்ரீ வள்ளி’யை மெய்யப்பன் தாமே இயக்கினார். வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. படம் எடுத்து முடிந்த பிறகு, மகாலிங்கத்தின் குரலுக்கு ஈடாக வள்ளியின் குரல் நிற்கவில்லை என்று பட்டது. பி.ஏ. பெரியநாயகியை அழைத்துப் பாட வைத்தார். பதிந்த பாட்டுக்கு வாயசைப்பது எளிது. அசைந்துவிட்ட வாய்க்குப் பாட்டைப் பொருத்துவது கடினம். திரையில் ருக்மிணியின் உதடு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பெரியநாயகி பாட வேண்டும். படம் பெரும் வெற்றி பெற்றது. இதற்கிடையில் கன்னடத்தில் எடுத்த ‘சத்ய ஹரிச்சந்திரா’வைத் தமிழ்க் குரல் கொடுத்து 1944இல் வெளியிட்டவரும் அவரே. தமிழுக்கு வந்த முதல் மொழிமாற்றுப் படம் அது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஓர் எண்ணம் தெளிவாகத் தெரிகிறது. குரல் வேறு, ஆள் வேறு. குரலை ஆளிடமிருந்து பிரித்து எடுக்கலாம், வாங்கலாம், வேறிடத்தில் பொருத்தலாம், விற்கலாம். கிராமபோன் கடையில் பிறந்த எண்ணம் இது. இதனால் பாடகர்களுக்குத் தனித் தொழில் பிறந்தது உண்மை. பாடியவரின் பெயர் மறைந்துபோன அநியாயமும் நடந்தது. 1949இல் வந்த ‘மகல்’ என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு, தட்டின் மேல் கதாபாத்திரமான காமினியின் பெயரைத்தான் அச்சிட்டார்கள். பாடியவர் லதா மங்கேஷ்கர். கேட்டவர்கள் வானொலி நிலையத்துக்கு எழுதிக் கேட்கும் நிலை வந்தது. பால் எடுத்தவர் பெயர் ரப்பர்த் தாளில் வருவதில்லை என்பதை அறிந்த நமக்கு இது வியப்பாக இராது.

குரலை விலைக்கு வாங்கலாம் என்றால், பாட்டையே வாங்க முடியுமா? முடியும். இங்கேதான் பாரதியார் வருகிறார்.

சுப்பிரமணிய பாரதியார் 1921இல் மறைந்தார். 1928இல் சென்னை அரசாங்கம் அவர் நூல்களைப் பறிமுதல் செய்தது. எதிர்ப்பு எழவே பிறகு விட்டுக்கொடுத்தது. பாட்டுகள் மேடைகளிலும் ஊர்வலங்களிலும் பரவின. நூலாக அச்சிடும் உரிமை குடும்பத்தாரிடமிருந்து அவருடைய தம்பி சி. விசுவநாதனிடம் போயிற்று. இசைத்தட்டில் பதியும் உரிமை தனி. அதைச் சென்னையில் வணிகம் செய்துவந்த ஜேசிங்லால் மேத்தா என்பவர் வாங்கி வைத்திருந்தார். அவரிடமிருந்து மெய்யப்பன் வாங்கினார்.

சட்டப்படி இதில் குற்றமில்லை. எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரைக்கும் உரிமை உண்டு என்பது அன்றைய சட்டம். அந்தக் கணக்கில் 1971 வரை பாரதி பாட்டு யாரோ ஒருவருடைய பேரேட்டில் இருக்கலாம்.

வாங்கியவர் அதைப் பூட்டி வைக்கவில்லை. 1945 அக்டோபரில் ஏ.வி.எம். நிறுவனத்தைத் தொடங்கியிருந்த மெய்யப்பன், சென்னையில் இடமும் மின்சாரமும் கிடைப்பது அரிதாக இருந்ததால் காரைக்குடிக்கே திரும்பி, தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகைகள் போட்டுப் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். அங்கே எடுத்த ‘நாம் இருவர்’ 1947 ஜனவரியில் வந்தது. இசை ஆர். சுதர்சனம். சிறுமி கமலா ஆட, டி.கே. பட்டம்மாள் பாரதியார் பாட்டுகளைப் பாடினார். சினிமாவில் பாடுவதானால் பக்திப் பாட்டும் தேசியப் பாட்டும்தான் என்று வரம்பு வைத்துக்கொண்டவர் அவர். விடுதலை வந்தேவிட்டதாகப் பாரதியார் பாடிய பாட்டு அதில் ஒன்று. இந்தியா விடுதலை பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது!

இந்தப் பாட்டுகள் நம் பக்கத்துக்கு எட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஜப்பானியர் ஆட்சி முடிந்து அதிக நாளாகவில்லை. சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் திரும்பியிருந்தார்கள். திரும்பாதவர்களின் பிள்ளைகள் லயத்தில் இருந்தார்கள். தொழிற்சங்கங்கள் மீண்டும் எழுந்துகொண்டிருந்தன. கூட்டம் தொடங்குமுன் ஒரு பாட்டு, தோட்டப் பள்ளிக்கூட விழாவில் ஒரு பாட்டு என்றால் அது பெரும்பாலும் பாரதியார் பாட்டாகவே இருந்தது. எழுத்தறியாத தாத்தா பாட்டிமார் பாரதியாரைப் படித்து அறிந்தவர்கள் அல்லர், கேட்டு அறிந்தவர்கள்.

இன்னும் ஒன்று. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் அல்லற்பட்ட இந்துப் பெண்களை நினைத்து நெஞ்சுருகி ஒரு பாட்டு எழுதியவர் பாரதியார். தென்னிந்தியரை ஒப்பந்தக் கூலிகளாக 1903 முதல் பிஜிக்கு ஏற்றிச் சென்றார்கள். மலாயாவில் அந்த ஒப்பந்த முறை 1910இல் நின்றது. பிஜியில் 1920இல்தான் முற்றாக நீங்கியது. நம் பாட்டிமார் பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் அவர் பாடினார் என்று நாம் கொள்ளலாம். அந்தப் பாட்டைத் தட்டில் பதிய வேண்டுமானாலும் உரிமை பெற்ற ஒரு வணிகரின் அனுமதி வேண்டும் என்பதே 1940களின் நிலைமை. நமக்கும் இதில் பங்குண்டு என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

மோதல் வரத்தான் செய்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் ‘பில்ஹணன்’ படத்தை வெளியிட்டார்கள். அதில் பாரதியார் பாட்டு ஒன்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். உரிமை தம்முடையது என்று மெய்யப்பன் எதிர்ப்புத் தெரிவித்தார். விஷயம் வழக்கு வரைக்கும் போயிற்று. டி.கே. சண்முகம் பணிந்து போகவில்லை. பாரதி எல்லார்க்கும் பொது, அவர் பாட்டுக்கு ஒருவர் சொந்தம் கொண்டாடலாகாது என்று நின்றார். எழுத்தாளர்களும் சேர்ந்துகொண்டார்கள், பாரதி விடுதலைக் கழகம் தோன்றியது. பத்திரிகைகளில் விவாதம் நடந்தது.

மெய்யப்பன் அந்நேரத்தில் செய்தது சரியா? காசு கொடுத்து வாங்கிய பொருளை இன்னொருவர் கேட்காமல் எடுத்தால் வணிகர் சும்மா இருப்பாரா என்று கேட்கலாம். நாம் அந்தக் கட்சியில் இல்லை. ஆனால் பிறகு அவர் செய்ததையும் அதே தராசில் வைக்க வேண்டும். முதலமைச்சர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரும் கல்வியமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரும் பாரதியார் பாட்டுகளை நாட்டுக்குப் பொதுவாக்க முனைந்தபோது, மெய்யப்பன் தம்மிடமிருந்த இசைத்தட்டு உரிமையை ஒரு காசும் பெறாமல் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். 1949இல் பாரதியார் படைப்புகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கவிஞரின் மனைவி செல்லம்மாளுக்கும் இரு பெண்மக்களுக்கும் தொகை வழங்கப்பட்டது. 1928இல் அந்த நூல்களைப் பறிமுதல் செய்த அதே சென்னை அரசாங்கம்தான். ஆட்சியில் இருந்தவர்கள் வேறு. பின்னாளில் எவர் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம் என்றாயிற்று. உலகில் ஒரு கவிஞரின் எழுத்தை ஓர் அரசாங்கம் விலை கொடுத்து வாங்கி மக்களுக்குத் திறந்துவிட்டது அரிதான செய்தி. அதனால்தான் நம் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் விழா மேடையில் பாரதியார் பாட்டுக்கு ஆடியபோது தலைமையாசிரியர் எவரிடமும் அனுமதிக் கடிதம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதன் பின் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. நிலையம் 1948இல் காரைக்குடியிலிருந்து சென்னைக்கு மாறியது. ‘வாழ்க்கை’, ‘பராசக்தி’, ‘களத்தூர் கண்ணம்மா’ என்று படங்கள் வந்தன. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் பார்த்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். மெய்யப்பன் 1979 ஆகஸ்டு 12ஆம் நாள் காலமானார். தம் கதையை ‘எனது வாழ்க்கை அனுபவங்கள்’ என்ற நூலாக எழுதியும் வைத்தார். 2023இல் ஏ.வி.எம். வளாகத்தில் பழைய கருவிகளையும் வாகனங்களையும் வைத்து ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள்.

ஆவணப்படம் எடுக்கிறவர்கள் அங்கே போய்க் கருவிகளைப் படம் பிடிக்கலாம். ஆனால் இசைத்தட்டுக்காரர் மெய்யப்பனைத் தேட வேண்டிய இடம் தட்டுகள்தாம். அவை ஓரிடத்தில் இல்லை, வீடு வீடாகச் சிதறிக் கிடக்கின்றன. நம் ஜொகூர் வீடுகளிலும் சில இருக்கலாம். லயத்தைக் காலி செய்து வந்தபோது கொண்டுவந்த இரும்புப் பெட்டியின் அடியில் பழைய துணியில் சுற்றி வைத்த தட்டுகள் கிடந்தால், அவற்றை எறிந்துவிடாதீர்கள்.

ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றினால் விரிசல் விடும். புத்தகம் அடுக்குவதுபோல் நிற்க வையுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். அழுக்கை மெல்லிய உலர்ந்த துணியால் பள்ளம் போகும் போக்கிலேயே சுற்றித் துடையுங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது. சாராயம் பட்டால் அரக்கு கரைந்து, பாட்டும் அதோடு போய்விடும். இக்காலத்து இசைக்கருவியின் ஊசியை அதன்மேல் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். பள்ளத்தின் அகலம் வேறு. நடுவில் ஒட்டிய காகிதத்தில் உள்ள கம்பெனிப் பெயரையும் பாடியவர் பெயரையும் பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். காகிதத்துக்கு வெளியே, பள்ளம் முடிகிற வழவழப்பான இடத்தில், கீறி எழுதியதுபோல் ஓர் எண் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் கண்ணுக்குப் படும். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். காகிதம் கிழிந்து பெயர் அழிந்துபோயிருந்தாலும், யார் பாடியது என்று கண்டுபிடிக்க அந்த எண் உதவும்.